இல்லாத பாகத்தின் வரைபடம்

பொய் சொல்லத் தெரியாத ஆளைத் தாரணி தன் பிரிவில் சேர்த்துக்கொண்டதே இல்லை. நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்களிடம் அவள் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். ஒரு வேலை வெள்ளிக்கிழமை முடியும் என்று உங்களுக்குத் தெரியும், வாடிக்கையாளர் எப்போது கிடைக்கும் என்கிறார், என்ன சொல்வீர்கள்? வெள்ளிக்கிழமை என்று பதில் சொன்ன உத்தமர்களுக்கெல்லாம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

கோவைக்குக் கிழக்கே நீலாம்பூர்ப் பக்கம், வெளியிலிருந்து பார்த்தால் கல்யாண மண்டபம் என்று நினைக்கத் தோன்றும் ஒரு கட்டடத்தில் அவளுக்கு வேலை. உள்ளே செய்வது ஸ்லீவ். செயற்கை இதயத்தின் பம்புக்குள் நிற்காமல் சுழலும், சுண்டுவிரல் பருமனுள்ள ஓர் உலோகக் குழல் அது. அதன் விட்டம் இரண்டு மைக்ரானுக்கு மேல் பிசகக் கூடாது. தலைமுடி ஒன்றை நீளவாக்கில் முப்பது கீற்றாகப் பிளந்தால் ஒரு கீற்று அந்த அளவுக்கு வரும், பிளக்கப் பொறுமை உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த ஸ்லீவ் எந்த இயந்திரத்தில் ஏற வேண்டும், யார் கையில், எத்தனை மணிக்கு, எப்போது இறங்க வேண்டும் என்று தீர்மானிப்பது தாரணி. பத்தொன்பது வருஷமாக அதுதான் பிழைப்பு. அந்தப் பிழைப்பின் அஸ்திவாரம் பொய் என்பதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. முப்பத்தொரு நிமிஷ வேலைக்கு ஆபரேட்டர் நாற்பத்திரண்டு என்பார். மூன்று நாள் வேலைக்கு உலைக்காரர் ஐந்து நாள் கேட்பார். தாரணி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, உண்மையான கெடுவுக்குப் பன்னிரண்டு நாள் முந்திய ஒரு தேதியை எல்லோருக்கும் கொடுப்பாள். அந்தத் தேதியில் எதுவும் முடியாது, அவளும் எதிர்பார்க்க மாட்டாள். ஆனால் நிஜக் கெடு வரும்போது சரக்கு லாரியில் ஏறியிருக்கும். ஒருவர் பொய்யை இன்னொருவர் பொய் தாங்கிப் பிடித்து, பத்தொன்பது வருஷத்தில் அவள் தவறவிட்ட கெடுக்கள் நான்கே நான்கு. அதில் ஒன்று புயல்.

பிறகு நாழி வந்தது.

நாழி ஒரு திட்டமிடும் மூளை. இதயப் பம்பு செய்யும் ஒரகடத்துப் பெரிய கம்பெனி அதை வாங்கி, தனக்குப் பாகம் செய்து கொடுக்கும் எல்லாத் தொழிற்சாலைகளிலும் பொருத்திவிட்டது. பொருத்த மறுத்தவர்களுக்கு ஆர்டர் இல்லை. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை, ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் ஒரு காது. இன்றைக்கு இந்த ஆள், இந்த உடம்போடு, இந்த இயந்திரத்தில், இந்த வேலையை எத்தனை நிமிஷத்தில் முடிப்பார் என்று அதற்குத் தெரியும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதனால் நாற்பத்திரண்டு என்று சொல்ல யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. முப்பத்தொன்று முடிந்ததும் அடுத்த ஸ்லீவ் வந்து நின்றது.

நாழி கொடுமைக்காரன் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சாப்பாட்டு நேரம் கொடுத்தது, சட்டம் சொல்லும் இடைவேளைகளை ஒரு விநாடி குறைக்காமல் கொடுத்தது. யாருக்காவது நாடி தப்பினால், வியர்த்தால், கை நடுங்கினால், பட்டை மிக மரியாதையாக "இன்று நீங்கள் ஓய்வெடுங்கள்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடும். அதற்குப் பெயர் விலக்கு. வருஷத்தில் மூன்று விலக்கு வாங்கியவர் இதயப் பாகத்தில் அப்புறம் கை வைக்க முடியாது. மற்ற பாகங்களை எல்லாம் ரோபோக்கள் செய்துகொண்டிருந்தன. கடைசி இரண்டு மைக்ரானுக்கு மட்டும்தான் மனிதர் தேவைப்பட்டார், எனவே மூன்றாவது விலக்கு என்றால் வீடு.

தாரணிக்கு மிச்சமிருந்த வேலை ஒன்றே ஒன்று. மருத்துவப் பாகங்களின் திட்டத்தில் ஒரு மனிதர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும் என்று விதி. தினமும் காலை ஏழரைக்கு நாழி போட்ட திட்டத்தைப் படித்துப் பார்த்து அவள் "சம்மதம்" என்று அழுத்துவாள். அதில் குறை கண்டுபிடிக்கப் பதினோரு மாதமாக முயன்று தோற்றுக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு திட்டத்தைத் தன்னால் போட முடியாது என்பதை ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அவளுக்கு நேர்மை இருந்தது, அது அவளை எரிச்சல்படுத்தவும் செய்தது.

இன்னாசி விழுந்தது அந்தப் பதினோராம் மாதத்தில்.

இன்னாசி கிரைண்டிங்கில் இருப்பவர், ஐம்பத்திரண்டு வயது, ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம். ஸ்லீவின் கடைசி மைக்ரானை எடுக்கும் ஒன்பது பேரில் மூத்தவர். சர்க்கரை நோய் இருந்தது, இரண்டு வேளை ஊசி. அதை அவர் பதிவேட்டில் சொல்லவில்லை, தாரணிக்குத் தெரியும். ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் இதயப் பாகம் செய்யக் கூடாது என்று வாடிக்கையாளரின் நிபந்தனைகளில் எங்கோ ஒரு வரி கிடந்தது. பழைய நாட்களில் பத்தே முக்காலுக்கு, நாற்பத்திரண்டு என்று சொல்லி மிச்சம் பிடித்த அந்தப் பதினோரு நிமிஷத்தில் இயந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டுவிடுவார், சர்க்கரை இறங்காது. நாழி வந்தபின் பத்தே முக்காலுக்கு அவர் கையில் ஸ்லீவ் இருந்தது. ஒரு நாள் வியர்த்தது, விலக்கு. இரண்டு மாதம் கழித்துக் கண் இருட்டி அப்படியே சரிந்தார், இரண்டாவது விலக்கு.

மறுநாள் தாரணியின் மேஜைக்கு வந்து நின்றவர் எதுவும் கேட்கவில்லை. அரை நிமிஷம் கிடைக்குமா என்று விசாரிக்கிற மாதிரி நின்றுவிட்டுப் போனார். அதுதான் அவளைப் போட்டுப் புரட்டியது. அவர் கெஞ்சியிருந்தால், முடியாதுங்கண்ணா என்று சொல்லி ஆறியிருப்பாள்.

அன்று மதியம் அளவெடுக்கும் அறைக்குப் போனவள் அங்கே கல் மேஜைமேல் வரிசையாக உட்கார்ந்திருந்த ஸ்லீவுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கிரைண்டிங் முடிந்த பாகத்தை உடனே அளக்கக் கூடாது. சூட்டில் உலோகம் பெருத்திருக்கும். இருபது டிகிரியில் நாலு மணி நேரம் சும்மா வைத்திருந்து, சூடு அடங்கிய பிறகுதான் அளவு. சோக்கிங் என்பார்கள். உலகத்தில் எல்லா நிமிஷத்தையும் பிடுங்கிக்கொண்ட நாழி, இந்த நாலு மணி நேரத்தை மட்டும் தொடவே இல்லை. இரும்பு ஓய்வெடுக்கலாம் என்பதில் அதற்குச் சந்தேகமே கிடையாது. தாரணிக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது, அப்புறம் தன் இடத்துக்குப் போய் ஒரு வரைபடம் வரைய உட்கார்ந்தாள்.

அவள் வரைந்தது ஒரு பாகம். எண் 7714. கழித்துப்போட்ட பழைய ஸ்லீவ் ஒன்றுக்குப் பெயர் வைத்து அதை மாஸ்டர் ஆக்கினாள். மாஸ்டர் என்றால் அளவுக் கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் துண்டு, எந்தத் தொழிற்சாலையும் தன் உபயோகத்துக்குச் செய்துகொள்ளலாம், வாடிக்கையாளர் ஆர்டர் தேவையில்லை. 7714-க்கு ஆள் இன்னாசி, வேலைமுறை மூன்றே வரி. ஒன்று, அலமாரியிலிருந்து எடுத்து, அளவெடுக்கும் அறைக்கு முந்திய செருப்பு மாற்றும் அறையில் கல்மேல் வை. இரண்டு, ஆபரேட்டர் அதன் பக்கத்தில் இருபத்தைந்து நிமிஷம் உட்கார்ந்திரு. மூன்று, திரும்ப அலமாரியில் வை.

நாழி இரண்டாவது வரியில் நின்றது. ஆள் எதற்கு உட்கார வேண்டும் என்று கேட்டது. அவள் காத்திருந்த கேள்வி. மனித உடம்பு ஒரு குண்டு பல்பு அளவுக்குச் சூடு வீசிக்கொண்டிருக்கிறது, இயந்திரத்திலிருந்து நேராக வருகிற ஆள் இன்னும் அதிகமாக வீசுவார், இரண்டு மைக்ரான் அளக்கும் இடத்தில் பாகம் மட்டும் அடங்கினால் போதாது, ஆளும் அடங்க வேண்டும் என்று எழுதினாள். இது முழுப் பொய் இல்லை, அதுதான் இதில் அவளுக்குப் பெருமை. நாழி உலகத்துப் புத்தகங்களையெல்லாம் ஒரு விநாடியில் புரட்டிவிட்டு ஒப்புக்கொண்டது. அதோடு நிற்கவில்லை. காரணம் சரியென்றால் இன்னாசிக்கு மட்டும் ஏன், கடைசி மைக்ரானில் இருக்கும் ஒன்பது பேருக்கும் இது தேவையில்லையா என்று கேட்டது. தேவைதான் என்றாள் தாரணி. பத்தொன்பது வருஷ அனுபவத்தில் இவ்வளவு நாணயமான எதிராளியை அவள் பார்த்ததில்லை.

மறுநாள் பத்தே முக்காலுக்கு இன்னாசியின் பட்டை அவரைச் செருப்பு அறைக்குப் போகச் சொன்னது. அங்கே ஒரு பெஞ்சும், கல்மேல் ஒரு குழலும், தாரணியும் இருந்தார்கள். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் டிபன் டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"அம்மிணி, இது யாரோ ஒருத்தரு நெஞ்சுக்குள்ள போற சாமானுங்க. இதுல போயி பொய்யக் கலக்கலாமுங்களா?"

"சாமான்ல எங்கீங்கண்ணா பொய் இருக்குது? நீங்க அரைச்சது ரெண்டு மைக்ரானுக்குள்ள இருந்தா அளவு சொல்லும், இல்லைன்னாலும் சொல்லும். நான் பொய் சொன்னது நேரத்துல மட்டுந்தான்."

"நானு ஊசி போடறதை மறைச்சது?"

அது அவளையும் உறுத்திக்கொண்டிருந்தது. பட்டினியில் மயங்குகிற ஆள் அரைத்த ஸ்லீவ் வேண்டுமா, இட்லி சாப்பிட்ட ஆள் அரைத்தது வேண்டுமா என்று அந்த நெஞ்சுக்காரரைக் கேட்டால் அவர் எதைச் சொல்வார் என்று நினைத்துப் பாருங்கள் என்றாள். இன்னாசி நினைத்துப் பார்த்தார். பிறகு டப்பாவைத் திறந்தார்.

எழுபத்தேழு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒன்பது பேரும் முறைவைத்து வந்து உட்கார்ந்து போனார்கள். ஒருவர் மனைவிக்குப் போன் பேசினார், ஒருவர் சுவரில் தலை சாய்த்துத் தூங்கினார், பத்மாவதி என்பவள் சும்மாவே இருந்தாள், வருஷக்கணக்கில் சும்மா இருந்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டு. விலக்கு ஒன்றும் விழவில்லை. 7714 எதற்கு என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்துக்கு அதுதான் அடையாளம்.

எந்த மாஸ்டரும் தேவைத் தேதி வந்த பிறகும் வேலையில் நிற்கக் கூடாது என்பது விதி. நின்றால், இது உங்களுக்கு வேண்டிய பாகமா என்று நாழி வாடிக்கையாளரிடம் கேட்டுவிடும். அந்தத் தேதியை அதிகபட்சம் தொண்ணூறு நாள் தள்ளி வைக்கலாம். எண்பத்தைந்தாம் நாள் 7714-ஐ மூடிவிட்டு, 7715 என்று இன்னொன்றைத் திறந்துவிடுவது என்பது தாரணியின் திட்டம். நாட்காட்டியில் குறித்தும் வைத்திருந்தாள். இப்படியே இன்னாசி ஓய்வு பெறும்வரை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

எழுபத்தெட்டாம் நாள் காலை திரையில் ஒரு வரி வந்து நின்றது. "பாகம் 7714: தேவைத் தேதி இன்று. வாடிக்கையாளரிடம் உறுதி கேட்கப்பட்டுள்ளது. பதிலுக்குக் கெடு: மூன்று வேலை நாள்."

தாரணி முதலில் நாழியைச் சந்தேகித்தாள். பிறகு தான் எழுதிய பதிவைத் திறந்து பார்த்தாள். தேவைத் தேதி என்ற கட்டத்தில் தொண்ணூறாம் நாளுக்குப் பன்னிரண்டு நாள் முந்திய தேதி இருந்தது. அவளே எழுதியது. நாழி வந்தபின் அவள் கையால் தேதி எழுதிய ஒரே இடம் அந்தக் கட்டம்தான். பதினோரு மாதமாகப் பொய் சொல்லக் கிடைக்காமல் காய்ந்து கிடந்த விரல்கள், கிடைத்த முதல் கட்டத்தில் பழக்க தோஷத்தில் பன்னிரண்டு நாளைக் கழித்துவிட்டன. மூளை அதைக் கவனிக்கவே இல்லை. அவளுக்குத் தன்னைப் பார்த்தே வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது.

கேள்வி போய்ச் சேர்ந்த இடத்தில் இருப்பது மீரான். ஒரகடத்துக் கம்பெனியில் திட்டமிடுபவர், பூர்வீகம் மேலப்பாளையம். நாழி வருவதற்கு முன்பு இருவரும் பதினோரு வருஷம் போனில் சண்டை போட்டவர்கள். அவள் சொல்லும் தேதியில் அவர் பத்து நாளைப் பிடுங்குவார், அதைத் தெரிந்து அவள் முன்கூட்டியே சேர்த்திருப்பாள், அதையும் தெரிந்து அவர் பதினைந்தைப் பிடுங்குவார். நேரில் பார்த்ததில்லை. நாழி வந்ததும், திட்டமிடுபவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது தகவலைக் கெடுக்கும் என்று தடை போட்டுவிட்டார்கள். கடைசியாகப் பேசியபோதும் அவர் ஒரு தேதிக்காகக் கத்தியிருந்தார். அவளும் சளைக்காமல் கத்தியிருந்தாள்.

வேண்டாம் என்று மீரான் ஒரு வார்த்தை பதில் போட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்கு மனப்பாடம். பொய் வேலைக்குக் கையெழுத்துப் போட்டதற்காக அவள் கையெழுத்து ரத்தாகும், இனி எந்தத் தொழிற்சாலையிலும் செல்லாது. 7714-இல் உட்கார்ந்த ஒவ்வொருவர் பெயரையும் எடுத்து விசாரிப்பார்கள். அதில் முதல் பெயர் இன்னாசி. எதற்காக இந்த இருபத்தைந்து நிமிஷம் என்று கேட்டால் ஊசி வெளியே வரும். ஒரு விலக்கு மிச்சம் வைத்து என்ன பயன்?

போன் போட்டுச் சொல்லிவிடலாமா என்று ஒரு தடவை எண்ணை அழுத்தப் போனாள். போன் பதிவாகும். அவர் அப்புறம் ஆம் என்று சொன்னால் அவர் கழுத்திலும் கயிறு. வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

அன்று பத்தே முக்காலுக்குச் செருப்பு அறைக்குப் போய் இன்னாசியிடம் நடந்ததைச் சொன்னாள். மறைக்கவில்லை, தன் விரல்கள் செய்த கூத்தையும் சேர்த்துச் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, இன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். விசாரணைக்குத் தான் அங்கே இல்லாவிட்டால் ஊசி விஷயம் வராது, மற்ற எட்டுப் பேருக்கும் வெறும் எச்சரிக்கையோடு போகும், அவளுக்கும் தண்டனை கொஞ்சம் குறையும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரியாகவே இருந்தது. அதனால்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"உங்களுக்காக நானு ஒரு பாகத்தையே பெத்துப் போட்டிருக்கறேன். நீங்க பாட்டுக்கு எந்திரிச்சுப் போனா அதுக்கு என்னங்கண்ணா அர்த்தம்? மொதல்ல சாப்பிடுங்க. மூணு நாள் இருக்குது."

"மூணு நாள்ல என்னங்க ஆயிரும்?"

"பத்தொம்பது வருஷமா எனக்கு எல்லாமே கடைசி மூணு நாள்லதான் ஆயிருக்குது" என்றாள் தாரணி. அவளுக்கே அதில் பாதி நம்பிக்கைதான், ஆனால் அந்தப் பாதியை முழுசாகச் சொன்னாள். அவர் சாப்பிட்டார். அவள் அவர் கண்ணைப் பார்க்காமல் எழுந்து வந்தாள்.

இரண்டாம் நாள் முதலாளி கூப்பிட்டார். வித்யாசாகர், அவளைவிட ஆறு வயது இளையவர், அப்பா ஆரம்பித்த கம்பெனியை நாழிக்கு மாற்றியவர். நல்லவர்தான், நல்லவர்களுக்கே உரிய பயத்தோடு இருப்பவர். நாழி அனுப்பிய கேள்வியின் நகல் அவர் திரையில் இருந்தது. என்ன மாஸ்டர் இது, எந்தக் கருவியை இதை வைத்துச் சரிபார்க்கிறோம் என்று கேட்டார். எதையும் இல்லை என்று தாரணி சொன்னாள். ஒன்பது பேர் உட்காருவதற்காக வரைந்தது என்றாள். இன்னாசியின் ஊசியை மட்டும் சொல்லவில்லை, அது அவள் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை.

வித்யாசாகர் எழுந்து சன்னல்வரை போய்விட்டு வந்தார். ஒரகடத்து ஆர்டர் போனால் இருநூற்றுப் பத்துப் பேர் நடுத்தெருவில் நிற்பார்கள், ஒன்பது பேருக்காக இருநூற்றுப் பத்துப் பேரைப் பணயம் வைத்தீர்களா என்று கேட்டார். நியாயமான கேள்வி.

"பதில் வர்றதுக்கு முன்னாடி நீங்களே கேன்சல் பண்ணிடுங்க மேடம். தப்பா பதிஞ்சுட்டேன்னு ஒரு வரி எழுதுங்க. உங்களுக்கு ஒரு எச்சரிக்கையோட போயிடும். உங்க கையெழுத்து இல்லாம என்னால கேன்சல் பண்ண முடியாது."

"கேன்சல் பண்ணா நாளைக்குப் பத்தே முக்காலுக்கு அவங்க எங்க சார் உக்காருவாங்க?"

"முன்ன எங்க உக்காந்தாங்க?"

"நான் சொன்ன பொய்க்குள்ளதான் சார் உக்காந்திருந்தாங்க" என்றாள் தாரணி. "முப்பத்தொண்ணுக்கு நாப்பத்திரெண்டுன்னு எழுதினனே, அந்தப் பதினோரு நிமிஷத்துலதான் இந்தக் கம்பெனியே மூச்சு விட்டுட்டு இருந்துச்சு. உங்கப்பாவுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துக்குவார்."

முதலாளியின் பட்டை மெதுவாக ஒலித்தது. இந்தச் சந்திப்பு நான்கு நிமிஷம் நீண்டுவிட்டது என்று அறிவித்தது. அவர் அதைப் பார்த்தார், பட்டையைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டார், ஆனாலும் எழுந்துகொண்டார். நாளைக் காலைவரை யோசியுங்கள் என்று மட்டும் சொன்னார். அவள் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். படி இறங்கும்போது அவள் பட்டை நாடியைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டது.

மூன்றாம் நாள் அவள் வழக்கம்போல ஏழரைக்கு வந்தாள். திட்டத்தைப் படித்தாள், சம்மதம் என்று அழுத்தினாள். 7714-இன் கேன்சல் பொத்தானை அழுத்தவில்லை. ஒன்பதரைக்கு வித்யாசாகர் அவரே கீழே இறங்கி வந்து அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து முப்பத்தாறுக்குப் பதில் வந்தது.

"பாகம் 7714. தேவை: ஆம். வரைபடத்தில் திருத்தம் உள்ளது. திருத்தம் ஒன்று இணைக்கப்பட்டுள்ளது. ஒப்புதல்: மீரான்."

தாரணிக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. ஆம் என்பதை மட்டும் இரண்டு தடவை படித்தாள். அவருக்கு வரைபடம் போயிருக்கும், வேலைமுறை போயிருக்கும். பக்கத்தில் இருபத்தைந்து நிமிஷம் உட்கார்ந்திரு என்ற வரியைப் படித்துவிட்டு அது என்ன பாகம் என்று தெரியாமல் இருக்க அந்த மனிதர் முட்டாள் இல்லை. திருத்தத்தைத் திறந்தாள்.

உருவத்தில் மாற்றம் இல்லை. வேலைமுறையில்தான் மீரான் கை வைத்திருந்தார். இரண்டாவது வரியில் இருபத்தைந்து நிமிஷத்தை அடித்துவிட்டு நாற்பது என்று போட்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஆள் நேரத்தைப் பிடுங்காமல் கூட்டியிருக்கிறார் என்று தாரணிக்குத் தோன்றியது. இருக்கைக்கு முதுகு சாய்மானம் அவசியம் என்று ஒரு குறிப்பு. கீழே இன்னொன்று: திட்டத்தில் கையெழுத்திடுபவரும் நாளுக்கு ஒரு முறை பாகத்துடன் இருக்க வேண்டும். அவள் கண் கலங்கியதை மறைத்துக்கொள்ளவில்லை. வித்யாசாகர் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார், அப்பாவின் பிள்ளைதான்.

"எதுல யூஸ் ஆகுதுன்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல என்ன போட்டிருக்கார்?" என்று கேட்டார். நாழி அந்தக் கட்டம் காலியாக இருந்தால் எந்தப் பாகத்தையும் ஏற்காது.

அவள் கீழே நகர்த்தினாள். அந்தக் கட்டத்தில் "எல்லாவற்றிலும்" என்று இருந்தது. பக்கத்தில் நாழியின் பச்சை அடையாளம்.

"ஒத்துக்கிச்சா?"

"ஒத்துக்கிச்சு சார்."

இன்னும் ஒரு பக்கம் இருந்தது, நாழியே தயாரித்து இணைத்தது. வாடிக்கையாளர் ஒரு பாகத்தை உறுதி செய்துவிட்டால், அதே வேலைமுறை உள்ள மற்ற பாகங்கள் வேறு எங்காவது வேறு எண்ணில் ஓடுகின்றனவா என்று தேடி, எல்லாவற்றையும் ஒரே எண்ணின் கீழ் கொண்டுவருவது அதன் வழக்கம். மேலே ஒரு வரி இருந்தது. "ஏற்கெனவே புழக்கத்திலுள்ள இதே வகைப் பாகங்கள் இன்று முதல் 7714 என்று அழைக்கப்படும். இணைக்கப்பட்டவை: நாற்பத்தொன்று."

அதற்குக் கீழே பட்டியல். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் 'ஒப்பீட்டுத் தட்டு' என்ற பெயரில் ஒன்று, உடனிருப்பு இருபது நிமிஷம். பெல்காமில் 'நிலைப்படுத்தும் வளையம்', முப்பது நிமிஷம், ஆள் இருவர். ராஜ்கோட்டில் ஒன்று, புனேயில் நாலு, திருச்சியில் ஒன்று. எல்லாம் மாஸ்டர், எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு துண்டின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு திட்டமிடுபவரின் கையெழுத்து. தாரணிக்கு அதில் ஒருவரையும் தெரியாது. அவர்களுக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வழியில்லை, பேசத்தான் தடை ஆயிற்றே. பட்டியல் தேதி வரிசையில் இருந்தது. முதல் வரி ஒரகடம், நாழி பொருத்தப்பட்ட எட்டாம் நாள், கையெழுத்து மீரான். அவளுடையது நாற்பத்திரண்டாவது.

வித்யாசாகர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை, கீழிருந்து மேல்வரை ஒரு தடவை படித்தார். அவர் பட்டை அடுத்த சந்திப்புக்கு நேரமாகிறது என்று ஒலித்தது. இந்தத் தடவை அவர் எழுந்துகொள்ளவில்லை.

"மேடம், இதுல உக்கார்ற ஆள் பட்டியல்ல புதுசா ஒரு பேர் சேர்க்க முடியுமா?"

"யார் பேர் சார்?"

அவர் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார். தாரணி அவர் பெயரை எழுதினாள், தன் பெயரையும் எழுதினாள், சம்மதம் என்று அழுத்தினாள். மணி பத்தே முக்கால் ஆகியிருந்தது. இருவரும் கீழ்த்தளத்தைக் கடந்து செருப்பு அறைக்குப் போனார்கள். இன்னாசி பெஞ்சில் இருந்தார், மடியில் டப்பா திறந்திருந்தது, இட்லியைத் தொட்டிருக்கவில்லை. சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. முதலாளியைப் பார்த்ததும் எழப் போனார்.

"உக்காருங்கண்ணா, அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு மொதல்ல சாப்பிடுங்க" என்றாள் தாரணி. "இனி நாப்பது நிமிஷம்."

அவர் அவள் முகத்தையும் முதலாளியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டப்பாவை மூடாமல் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து இரண்டு பேருக்கும் இடம் கொடுத்தார்.